அமெரிக்க கேம்பஸில் போர் எதிர்ப்பாளர் பேச வருகிறார்: போய்க் கேட்பது எப்படி

செமஸ்டர் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே நூலக வாசலில் அந்தத் தாளைப் பார்க்கலாம். ஈராக்கில் பணியாற்றிய முன்னாள் படைவீரரோ, வேலையை உதறிவிட்டு வந்த தூதரக அதிகாரியோ பேசுகிறார். மாலை 6 மணி, அனுமதி இலவசம், பீட்சா உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கப் போன பிள்ளைகளில் சிலர் பீட்சாவுக்காகப் போகிறார்கள். சிலர் 'நமக்கெதுக்கு வம்பு' என்று அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான். ஒரு போரை உள்ளிருந்து பார்த்தவரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் வாய்ப்பு படிப்பு முடிந்தபின் எளிதில் கிடைக்காது.

வம்பு என்ற பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் இடம் மாறிப்போன பயம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதால் சிக்கல் வருவது அரிது. வாசலில் நீட்டப்படும் காகிதங்கள், பேச்சை நிறுத்தப் போடும் கூச்சல், வீட்டுக்கு வந்தபின் போனில் தட்டும் வரிகள் ஆகியவற்றில்தான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த மாதிரிக் கூட்டம்?

தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். நடத்துவது யார் என்பது அங்கேதான் இருக்கும். வரலாறு, அரசியல் அறிவியல், அமைதி ஆய்வு போன்ற துறைகள் நடத்தினால் அது பாடத்தின் நீட்சி மாதிரி இருக்கும்: 45 நிமிடம் பேச்சு, அரை மணி நேரம் கேள்வி, நெறியாளராக ஒரு பேராசிரியர். மாணவர் அமைப்பு நடத்தினால் சூடு கூடும், நேரம் தள்ளிப்போகும், இறுதியில் 'அடுத்து என்ன செய்யப்போகிறோம்' என்று ஒரு அறிவிப்பும் வரும். மூன்றாவது வகை டீச்-இன். இதில் ஒருவர் பேசிவிட்டுப் போவதில்லை. பலர் பேசுவார்கள், பார்வையாளர்களும் விவாதிப்பார்கள், மணிக்கணக்கில் நீளும்.

டீச்-இன் பிறந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், 1965 மார்ச் 24 அன்று இரவு. வியட்நாம் போரை எதிர்த்து ஒருநாள் வகுப்பு நடத்தமாட்டோம் என்று அங்குள்ள பேராசிரியர்கள் சிலர் முதலில் அறிவித்தார்கள். அரசியல்வாதிகளிடமிருந்து கண்டனம் குவிந்தது. வகுப்பை நிறுத்துவதற்குப் பதிலாக இரவு முழுக்க வகுப்பு எடுப்போம் என்று திட்டத்தை மாற்றினார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. விடியும்வரை பேச்சு ஓயவில்லை. இன்றும் டீச்-இன் என்று போட்டிருந்தால் தண்ணீர் பாட்டிலும் பொறுமையும் எடுத்துக்கொண்டு போங்கள். நடுவில் எழுந்து போவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

பல்கலைக்கழகம் அரசுடையதா தனியாருடையதா என்பதையும் பாருங்கள். பேச்சுரிமையைக் காக்கும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, ஆகவே அரசுப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதிப்படி நடக்கும். கலிபோர்னியாவில் மட்டும் 1992 முதல் ஒரு மாநிலச் சட்டம் தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தருகிறது. அரசுப் பல்கலைக்கழகமும் நேரம், இடம், முறை ஆகியவற்றுக்கு விதி போடலாம். 'இந்தக் கருத்தைப் பேசாதே' என்று சொல்ல முடியாது, 'இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது' என்று சொல்லலாம். 2024 வசந்தத்தில் காஸா போரை எதிர்த்துக் கூடாரம் அடித்துத் தங்கும் முகாம் போராட்டங்கள் பரவியபின் பல கேம்பஸ்களில் இந்த விதிகள் இறுகிவிட்டன. போன வருடம் சீனியர் சொன்ன விதியை நம்பாமல் இந்த வருட மாணவர் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

பேசப்போவது யார்?

போர் எதிர்ப்பாளர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டு போனால் பேச்சில் பாதி புரியாது. எந்தப் போரையும் ஏற்காதவர்கள் ஒரு வகை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபில் வருபவர்கள் இப்படித்தான். அவர்களுடைய அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு 1917இல் தொடங்கி, 1947இல் பிரிட்டன் குவேக்கர் அமைப்புடன் சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு பெற்றது. இன்னொரு வகையினர் நாட்டைத் தாக்கினால் திருப்பி அடிப்பதை ஏற்பார்கள், ஆனால் வெளிநாட்டில் போய்த் தலையிடுவதை ஏற்கமாட்டார்கள். மூன்றாவது வகையினர் ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவர்கள். இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. மனச்சாட்சிப்படி ராணுவப் பணியை மறுப்பதாக இருந்தால் எல்லாப் போரையும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும், பிடிக்காத ஒரு போரை மட்டும் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது.

படைவீரராக இருந்தவர் என்றால் அவரிடம் கிடைப்பது நேரடி சாட்சியம். வெட்டரன்ஸ் ஃபார் பீஸ் 1985இல் தொடங்கிய அமைப்பு. ஈராக்குக்குப் போய்வந்தவர்கள் 2004இல் தனியாக ஓர் அமைப்பு கண்டார்கள், அது இப்போது அபவுட் ஃபேஸ் என்ற பெயரில் இயங்குகிறது. முன்னாள் அதிகாரி என்றால் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதில் அவருக்குப் பிடி இருக்கும். ராணுவத்தில் கர்னலாக இருந்து தூதரகப் பணிக்குப் போன ஆன் ரைட், ஈராக் படையெடுப்பை எதிர்த்து 2003 மார்ச்சில் பதவி விலகியவர். பிறகு போர் எதிர்ப்பு மேடைகளில் தொடர்ந்து பேசிவந்தார். ஆய்வாளர் என்றால் எண்கள் வரும். 13 வயதில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி அணிந்து பள்ளியிலிருந்து நீக்கிவைக்கப்பட்ட மேரி பெத் டிங்கர் போன்றவர் என்றால் சட்டமும் வாழ்க்கையும் கலந்து வரும். அந்தப் பட்டியின் அகலம் 2 அங்குலத்துக்கு மேல் இல்லை. வழக்கு 1969இல் உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ந்தது.

ஒரு மணி நேரம் ஒதுக்கி இவ்வளவு செய்தால் போதும்: பேச்சாளர் அண்மையில் எழுதிய கட்டுரை ஒன்று, அவரைக் கடுமையாக மறுத்து வேறொருவர் எழுதியது ஒன்று, அவர் பேசப்போகும் போரின் காலவரிசை. அமெரிக்கப் போர் என்றால் மேடையில் அடிக்கடி அடிபடும் இரண்டு சட்டங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம். படையை மோதலில் இறக்கினால் குடியரசுத் தலைவர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அறிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது அது. இரண்டாவது, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2001 செப்டம்பரில் வந்த படை பயன்பாட்டு அனுமதி. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவரே. 'அந்த அறுபது வார்த்தை' என்று பேச்சாளர் போகிறபோக்கில் சொன்னால், அந்த அனுமதியின் மையமான ஒற்றை வாக்கியத்தைச் சொல்கிறார் என்று பொருள்.

கையில் என்ன, பையில் என்ன

மாணவர் அடையாள அட்டை கட்டாயம். வெளியாட்களுக்கும் திறந்த கூட்டம் என்று போட்டிருந்தாலும் அரங்கு நிறைந்தால் முதலில் உள்ளே விடுவது அட்டை உள்ளவர்களைத்தான். பெரிய அரங்குகளில் முதுகுப்பைக்குத் தடை இருக்கலாம், லேப்டாப் பையை லேபிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுப் போங்கள். பலகை, குச்சி, கம்பம் வேண்டாம். எதிர்ப்பைக் காட்ட விரும்பினால் சட்டையில் குத்தும் பட்டனோ ஏ4 தாளோ போதும். அதையும் பின்வரிசைக்காரர் பார்வையை மறைக்கும்படி தூக்கினால் ஊழியர் வந்து நிற்பார்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் அச்சுப் பிரதியைப் பணப்பையில் வைத்திருங்கள். 18 வயது கடந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இந்தக் கூட்டத்துக்கென்று வந்த விதி இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் எண்ணைப் போனில் மட்டும் சேமித்தால் பேட்டரி தீரும்போது அதுவும் போய்விடும், ஒரு துண்டுத் தாளில் எழுதிவையுங்கள். பிப்ரவரி மாதம் என்றால் கடைசிப் பேருந்து நேரத்தையும் பாருங்கள். கூட்டம் எப்போதும் அறிவித்ததைவிட அரை மணி நேரம் தாமதமாகத்தான் முடியும்.

பீட்சா பற்றியும் ஒரு வார்த்தை. சைவ பீட்சாதான் முதலில் தீரும், அசைவம் சாப்பிடுபவர்களும் அதில்தான் கைவைப்பார்கள். சைவக்காரர்கள் கால் மணி நேரம் முன்னால் போவது நல்லது.

வாசலில் நிற்கும் கிளிப்போர்டு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். போர் எதிர்ப்புக் கூட்டத்தின் வாசலில் மூன்று நான்கு பேர் கிளிப்போர்டோடு நிற்பார்கள். எல்லாரும் சிரித்த முகம், எல்லாரும் 'ஒரு நிமிஷம்தான்' என்பார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தாள்கள் ஒன்றல்ல.

மிகவும் ஆபத்தானது வாக்காளர் பதிவுப் படிவம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. கூட்டாட்சிப் படிவத்தின் தலைப்பிலேயே 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்று கேட்டு, 'இல்லை' என்றால் நிரப்பாதே என்றும் அச்சிட்டிருக்கும். சத்தத்திலும் அவசரத்திலும் நிற்பவர் 'இங்கே டிக் பண்ணு, இங்கே கையெழுத்து' என்று விரலால் காட்டுவார், அந்த வரி கண்ணில் படாது. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகக் கருதப்பட்டால் கிரீன் கார்டு, குடியுரிமை இரண்டுக்குமே நிரந்தரத் தடை விழக்கூடும். தெரியாமல் செய்தேன் என்பது எளிதில் எடுபடாது. 'நான் குடிமகன் இல்லை, நன்றி' என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். தன்னார்வலர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு மாணவர்தான், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அடுத்தது தேர்தலில் ஒரு கேள்வியை மக்கள் வாக்குக்கு விடக் கோரும் மனு. அதில் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். பார்க்க சாதாரண மனு மாதிரியே இருக்கும். முகவரி, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) போன்ற பத்திகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு எழுதும் மனு வேறு. 'ஆயுத நிறுவனப் பங்குகளை விற்றுவிடு' என்பது மாதிரி. இதில் யாரும் கையெழுத்திடலாம். ஆனால் அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டபின் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

கடைசியாக வருகைப் பதிவுத் தாள். மாணவர் கட்டண நிதியில் நடக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்டப் பெயர் கேட்பார்கள். சில இடங்களில் அட்டையைத் தேய்க்கச் சொல்வார்கள். மின்னஞ்சல் முகவரி தந்தால் அது அமைப்பின் அஞ்சல் பட்டியலில் சேரும். வேண்டாம் என்றால் பெயரை மட்டும் எழுதுங்கள்.

பணம் கேட்டால்? பேச்சாளரின் பயணச் செலவுக்கு மேசையில் வைத்திருக்கும் பாத்திரத்தில் 5 டாலர் போடுவதில் சிக்கல் இல்லை. ஒரு வேட்பாளரின் தேர்தல் நிதிக்குப் போடக்கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் பணம் தருவதைச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு அமைப்புக்கு நிதி என்றால் இன்னும் கவனம் தேவை, தமிழர்களுக்கு இது நேரடியாகவே தொடர்புள்ள விஷயம். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இல் தடைசெய்யப்பட்ட பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அமைப்பும் குர்திஷ் தொழிலாளர் கட்சியும் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 ஜூனில் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட அமைப்புக்கு அமைதி வழியில் பேச்சு நடத்தக் கற்றுக்கொடுப்பதுகூட 'பொருள் உதவி' ஆகும் என்றது. சுயமாக ஒருவர் தன் கருத்தைப் பேசுவதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. பணம், பயிற்சி, சேவை என்று போகும்போதுதான் கோடு தாண்டுகிறது. யாருக்குப் போகிறது என்று தெளிவாகச் சொல்லாத உண்டியலில் எதுவும் போடாதீர்கள்.

ராணுவப் பதிவு, அதாவது கட்டாய ராணுவ சேவை வந்தால் அழைப்பதற்கான பெயர்ப் பதிவு, பற்றிய துண்டுத்தாளும் கைக்கு வரலாம். 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண்களில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பதிவுக்கு உட்பட்டவர்கள். முறையாக எஃப்-1 விசாவில் இருப்பவர் இல்லை. துண்டுத்தாளில் 'எல்லா ஆண்களும்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் பதற வேண்டாம்.

எங்கே உட்கார்வது, எப்படிக் குறிப்பெடுப்பது

மூன்றாவது அல்லது நான்காவது வரிசை, நடைபாதை ஓரம். முன்வரிசை விருந்தினருக்கும் புகைப்படக்காரர்களுக்கும் போய்விடும். பின்வரிசையிலிருந்து கேள்வி மைக்குக்கு நடந்து வருவதற்குள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுவிடுவார்கள். மைக் நிற்கும் இடம் இரண்டு நடைபாதைகளிலா ஒன்றிலா என்று உள்ளே நுழையும்போதே பாருங்கள். மைக்குக்குப் பதில் சிறு அட்டைகள் விநியோகித்தால் பேச்சு முடியும்வரை காத்திருக்காதீர்கள். நெறியாளர் முதலில் கைக்கு வரும் அட்டைகளைத்தான் படிப்பார்.

குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் உங்கள் சந்தேகம். அவர் வார்த்தையை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி போடுங்கள், சுருக்கி எழுதினால் போடாதீர்கள். இந்தப் பழக்கம் இல்லாததால்தான் மறுநாள் 'அவர் இப்படிச் சொன்னார்' என்று அவர் சொல்லாததைப் பரப்புகிறோம்.

எண் வரும்போது கூடவே மூன்றை எழுதுங்கள்: எந்த வருடங்களுக்கு, எதையெல்லாம் சேர்த்து, யார் கணக்கிட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மேடைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். 2001க்குப் பிந்தைய போர்களின் செலவு 8 டிரில்லியன் டாலர் என்று 2021இல் அது மதிப்பிட்டது. இதில் முன்னாள் வீரர்களுக்கு இனி வருங்காலத்தில் ஆகப்போகும் பராமரிப்புச் செலவாக 2.2 டிரில்லியனும் அடக்கம். '8 டிரில்லியன் செலவழித்துவிட்டார்கள்' என்று குறித்துக்கொண்டால் தப்பு. சாவுக் கணக்கில் குழப்பம் இன்னும் பெரிது. நேரடி வன்முறையில் இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் என்பது 2021ஆம் ஆண்டு மதிப்பீடு. நோய், பஞ்சம், மருத்துவமனை இல்லாமை போன்ற மறைமுகச் சாவுகளையும் சேர்த்தால் 45 லட்சத்துக்குக் குறையாது என்பது 2023ஆம் ஆண்டு அறிக்கை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, எண்ணுவது வேறு வேறு. அரங்கில் யாராவது ஒரு எண்ணைக் காட்டி மற்றதைப் பொய் என்று வாதாடினால் இதுதான் காரணம்.

ராணுவச் செலவு பற்றிப் பேச்சு வந்தால் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு கையில் இருக்கட்டும்: 2024இல் உலகம் முழுக்க 2,718 பில்லியன் டாலர், அதில் அமெரிக்கா மட்டும் 997 பில்லியன். பென்டகன் பட்ஜெட் என்று பேச்சாளர் வேறொரு எண்ணைச் சொல்லலாம். அணு ஆயுதச் செலவின் ஒரு பகுதி எரிசக்தித் துறையின் கணக்கில் இருப்பதால் இரண்டும் ஒத்துவராது.

கேள்வி

நம்மவர்கள் மைக் முன்னால் நின்றால் நடப்பது இது: பேச்சாளருக்கு நன்றி, ஏற்பாட்டாளருக்கு நன்றி, நான் இந்த ஊர், இந்தத் துறை, என் ஆராய்ச்சி இது, காந்தி என்ன சொன்னார் என்றால்... இரண்டு நிமிடம் ஓடிவிடும். நெறியாளர் 'உங்கள் கேள்வி என்ன?' என்று குறுக்கிடுவார். பதற்றத்தில் கடைசியில் கேட்பது 'இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்றுதான். அதற்குப் பேச்சாளர் என்ன வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், சொல்வார்.

கேள்வியை முன்கூட்டியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் 70 வார்த்தைக்குள் இருந்தால் நிதானமாகப் படித்தாலும் 40 விநாடியைத் தாண்டாது. முதல் வாக்கியத்தில் அவர் சொன்ன ஒன்றையோ ஒரு உறுதியான தகவலையோ வையுங்கள். இரண்டாவது வாக்கியம் கேள்வி. பெயரும் துறையும் போதும், நன்றியை இறுதியில் ஒரு சொல்லில் முடியுங்கள். மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்று, ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். உச்சரிப்பு புரியாமல் போவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

இலங்கைப் போரைப் பற்றிக் கேட்க விரும்பும் தமிழர்கள் ஒவ்வொரு கேம்பஸிலும் இருப்பார்கள். கேட்க வேண்டிய விஷயம்தான். ஆனால் முள்ளிவாய்க்காலை ஐந்து நிமிடம் விவரித்துவிட்டு 'ஏன் உலகம் மௌனமாக இருந்தது?' என்று முடித்தால் பேச்சாளர் 'மிகவும் வருத்தமானது' என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மோசமான மனிதர் என்பதால் இல்லை, அவருக்கு அதில் பதில் சொல்ல எதுவும் இல்லை என்பதால். அவர் வேலை செய்யும் துறைக்குள் உங்கள் கேள்வியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆயுதத் தடை பற்றிப் பேசுபவரிடம் இப்படிக் கேட்கலாம்: 'கொத்துக் குண்டுகளுக்கு எதிரான உடன்படிக்கை 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2018இல் சேர்ந்தது. அமெரிக்கா சேராததோடு, 2023இல் உக்ரைனுக்கு அந்தக் குண்டுகளை அனுப்பவும் செய்தது. கையெழுத்திடாத நாடுகளிடம் நீங்கள் செய்த முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை?' ஐ.நா.வில் பணியாற்றியவர் என்றால்: 'இலங்கைப் போர் பற்றிய பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள் ஆய்வு தன் சொந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு களத்தில் இருக்கும் ஐ.நா. ஊழியர்களுக்கு நடைமுறையில் எது மாறியிருக்கிறது?' இந்த மாதிரிக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொல்ல முடியாது. சொன்னால் அரங்கமே கவனிக்கும்.

எதிர்த்துக் கேட்பதும் நல்ல கேள்விதான். போரை எதிர்ப்பவரிடம் 'ஆக்கிரமிக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்காமல் விட்டால் கூட்டம் ஜால்ரா கூட்டமாகிவிடும். உக்ரைன் விஷயத்தில் போர் எதிர்ப்பாளர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள்.

படைவீரரிடம் ஒன்று கேட்கவே கூடாது: 'நீங்கள் யாரையாவது கொன்றீர்களா?' அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 'உங்கள் பிரிவுக்கு என்ன உத்தரவு வந்தது? அது எப்போது மாறியது?' என்று கேட்டால் அதைவிட அதிகம் தெரியவரும். பேசும்போது அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தால் அந்த இடைவெளியில் கைதட்ட வேண்டாம்.

கூச்சல், வெளிநடப்பு

பேச்சாளரை எதிர்ப்பவர்கள் வருவார்கள், வரவேண்டும். எழுந்து அமைதியாக வெளியே போவது, முதுகைத் திருப்பி நிற்பது, வெளியே நோட்டீஸ் தருவது எல்லாம் பெரும்பாலான கேம்பஸ்களில் அனுமதிக்கப்பட்டவை. பேச்சு தொடர முடியாதபடி கத்துவது வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் கேம்பஸில் 2010 பிப்ரவரியில் இஸ்ரேலியத் தூதர் பேசியபோது மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து குறுக்கிட்டார்கள். 11 பேர் கைதானார்கள், 2011 செப்டம்பரில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர்களுக்குச் சமூக சேவையும் நன்னடத்தைக் காவலும் தண்டனை. குடிமகனுக்கு அது ஒரு சிறு குற்றம். விசாவில் இருப்பவருக்குக் கைதே போதும், தீர்ப்புவரை போகாமலேயே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு வழி இருக்கிறது.

ஆகவே பக்கத்து வரிசையில் கூச்சல் தொடங்கினால் இரண்டு பக்கத்தோடும் சேராமல் உட்கார்ந்திருங்கள். போலீஸ் 'கலைந்து போ' என்று அறிவித்தால் அந்த நிமிடமே போங்கள். அது நியாயமா என்று அங்கே நின்று வாதாடினால் அதுவே தனிக் குற்றமாகலாம். படம் எடுப்பதாக இருந்தால் தள்ளி நின்று எடுங்கள். யாராவது விசாரித்தால் பெயரைச் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், பொய் மட்டும் வேண்டாம். மற்றக் கேள்விகளுக்கு 'வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்பது போதுமான பதில்.

பதிவு செய்வதும் பதிவிடுவதும்

மேடைப் பேச்சைப் பதிவு செய்யலாமா என்று தொடக்கத்திலேயே ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். பேச்சுக்குச் சரி என்றாலும் கேள்வி நேரத்துக்கு வேண்டாம் என்பார்கள், கேட்பவர்களின் பாதுகாப்புக்காக. பேச்சு முடிந்தபின் நடைபாதையில் பேச்சாளரோடு தனியாகப் பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். கலிபோர்னியா, பென்சில்வேனியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் தனி உரையாடலை எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். குழுப் படத்தில் நண்பரை டேக் செய்யும் முன் அவரைக் கேளுங்கள். அவருடைய விசா நிலை உங்களுக்குத் தெரியாது.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 கடந்த 5 வருடச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் வெளியுறவுத் துறை அறிவித்தது. அதே வருடம் மார்ச்சில் மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வு மாணவி, மாணவர் பத்திரிகையில் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்காகக் குறிவைக்கப்பட்டு, ஆறு வாரத்துக்கு மேல் தடுப்புக் காவலில் இருந்து, நீதிபதியின் உத்தரவில்தான் வெளியே வந்தார். இதனால் எழுதவே கூடாது என்று சொல்வது எங்கள் வேலை இல்லை, அது அவரவர் முடிவு. எழுதினால் பேச்சாளரின் வார்த்தையை மேற்கோள் குறியோடு, உங்கள் கருத்தைத் தனியாக, எண்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் எழுதுங்கள். கூட்டம் முடிந்த சூட்டில் எழுதியதை மறுநாள் காலைவரை வரைவிலேயே வைத்திருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்ப விசா முத்திரை குத்த வேண்டியவர்கள் டிக்கெட் போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு முறை பேசுங்கள்.

பேச்சாளரைப் பிறகு தொடர்புகொள்ள விரும்பினால் ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். எந்தக் கூட்டம், நீங்கள் கேட்ட கேள்வி எது, இப்போது கேட்க விரும்புவது என்ன என்று ஐந்தாறு வரி போதும். ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் நீண்ட கடிதத்தைப் படிக்கமாட்டார்கள். அவர் காட்டிய அறிக்கையின் பெயர் காதில் சரியாக விழவில்லை என்றால் அதைக் கேளுங்கள், அதற்கு மட்டும் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.